வாசிப்புக் கொப்பியை நிப்பாட்டச் சொல்லிக் கேக்கலாமா? (தரம் 3)

வெள்ளவத்தை அம்மா | ஞாயிறு, இரவு 9.40

மகன் தரம் 3. இந்தத் தவணையில இருந்து வகுப்பில வாசிப்புக் கொப்பி எண்டு ஒண்டு துவங்கியிருக்கினம். கிழமைக்கு ஒரு கதைப்புத்தகம் வாசிக்கோணும். வாசிச்சு முடியப் புத்தகத்தின்ர பேர், எழுதினவர், வெளியீடு, எத்தனை பக்கம், பிறகு "இக்கதையிலிருந்து நான் கற்றுக்கொண்டவை" எண்டு ஐஞ்சு வரி, கீழ பெற்றோர் கையொப்பம். திங்கட்கிழமை கொப்பி வைக்காத பிள்ளை எழும்பி நிக்கோணும்.

முந்தி இவன் சாப்பாட்டு மேசைக்கும் புத்தகத்தோடதான் வருவான், ஏச்சு வாங்கித்தான் மூடி வைப்பான். நேற்றுப் புத்தகக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனன். ஒவ்வொரு புத்தகமா எடுத்து நேரே கடைசிப் பக்கத்தைத் திருப்பி இலக்கத்தைப் பாக்கிறான். 24 பக்கம் எண்டா "கூட, அம்மா" எண்டு வச்சிட்டு 16 பக்கத்தைத் தூக்கினான். படத்தைக்கூடப் பாக்கேல்லை. இப்ப நான் சொல்லச் சொல்ல எழுதி முடிச்சிட்டுப் படுத்திட்டான்: ஒற்றுமையே பலம். கதை என்னெண்டா ஒரு யானை குளிக்கப் போய்ச் சேத்தில சறுக்கி விழுந்தது. அதில ஒற்றுமை எங்க இருக்கு?

புதன்கிழமை பெற்றோர் கூட்டம். நிப்பாட்டச் சொல்லிக் கேக்க நினைக்கிறன். மற்றவை என்ன சொல்லுறீங்கள்?

கொட்டாஞ்சேனை 155 | ஞாயிறு, இரவு 9.52

கேளுங்க அக்கா. எங்க வீட்டுல கையெழுத்த மூத்தவளே போட்டுக் குடுத்துர்றா. எனக்கே தெரியாம இந்த வருசம் சின்னவனுக்கு நான் எக்கச்சக்கமா புத்தகம் வாசிச்சுக் காட்டியிருக்கேன்.

ஆரம்பப்பிரிவு ரீச்சர் | ஞாயிறு, இரவு 10.15

கேக்க வேண்டாம் எண்டுதான் நான் சொல்லுவன். நான் அந்தப் பாடசாலை இல்லை, ஆனா தரம் 3க்குத்தான் படிப்பிக்கிறன்.

உங்கட மகன் ஏற்கனவே வாசிக்கிற பிள்ளை. கொப்பி அவருக்காகத் துவங்கினது இல்லை. எந்த வகுப்பிலயும் பின்வாங்கில கொஞ்சப் பேர் இருப்பினம். பாடப்புத்தகத்தை விரிச்சு வச்சுக் கடகடவெண்டு சொல்லுவினம், ஆனா விரல் வேற வரியில நிக்கும். பாடமாக்கி வச்சிருக்கினம். அதே சொல்லைக் கரும்பலகையில தனிய எழுதினா முழிப்பினம். "கொ" எண்டு எழுதினா முன்னால கொம்பு, நடுவில க, பின்னால அரவு. மூண்டையும் சேத்து ஒரு எழுத்தாப் பாக்கத் தெரியாத பிள்ளை "கெ... கா" எண்டு ரெண்டா உடைச்சு வாசிக்கும். தரம் 1 முடிய முதலே பிடிபட்டிருக்க வேண்டிய விசயம். 2020லயும் 2021லயும் பாடசாலை பூட்டியிருக்கேக்க தரம் 1 படிச்ச பிள்ளையளிட்ட இதைப் பாத்துப் பாத்து நான் களைச்சுப் போனன்.

எந்த வீட்டில புத்தகமே திறபடுறேல்லை எண்டு எனக்குக் காட்டிக் குடுத்தது கொப்பிதான். எல்லாரும் ஆர்வம், ஆர்வம் எண்டுறீங்கள். எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளைக்கு எதில ஆர்வம் வரும்?

வெள்ளவத்தை அம்மா | ஞாயிறு, இரவு 10.31

ரீச்சர், வாசிக்கத் தெரியாத பிள்ளையைப் பக்கத்தில இருத்தி வாசிக்க விட்டா ரெண்டு நிமிசத்தில பிடிபடும். அதுக்கு என்ர பிள்ளை ஏன் யானையிட்ட ஒழுக்கம் படிக்கோணும்?

ஆரம்பப்பிரிவு ரீச்சர் | ஞாயிறு, இரவு 10.38

நாப்பது பிள்ளைக்கு ரெண்டு நிமிசப்படி எண்பது நிமிசம். அந்த நேரம் மற்ற முப்பத்தொன்பது பேரும் என்ன செய்யிறது எண்டும் சொல்லுங்கோ.

தரம்5 அப்பா | திங்கள், காலை 6.05

இந்தக் கதைப்புத்தகம், கொப்பி எல்லாம் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை முடிய வச்சுக்கொள்ளலாம். வெட்டுப்புள்ளி தாண்டாட்டி நல்ல பாடசாலை கனவுதான். தரம் 3லயே மொடல் பேப்பர் தொடாத பிள்ளை பிந்திப் போகும். நூலகப் பாடவேளையைக் கணிதத்துக்குக் குடுக்கச் சொல்லிக் கேளுங்கோ, அது பிரயோசனம்.

கொட்டாஞ்சேனை 155 | திங்கள், காலை 6.40

ரெண்டாம் பேப்பர்ல பந்திய வாசிச்சு வெளங்காம எப்புடி அண்ணே விடை எழுதுறது?

தரம்5 அப்பா | திங்கள், காலை 6.44

அதுக்குத்தானே ரியூசன்.

நூலகப்பூனை | திங்கள், காலை 8.20

நூலகத்தில் சிறுவர் பகுதியில் வேலை செய்கிறேன். எந்த நூலகம் என்று கேட்காதீர்கள். "பக்கம் குறைஞ்ச புத்தகம் எந்தத் தட்டில?" என்று பெற்றோர் வந்து கேட்பது இப்போது சர்வசாதாரணம். பிள்ளை பின்னால் நின்று போன் பார்த்துக்கொண்டிருக்கும்.

இப்படிக் கட்டாயம் எதுவும் இல்லாமல் வருகிற பிள்ளைகளையும் பார்க்கிறேன். தட்டுக்குக் கீழே தரையிலேயே இருந்துவிடுவார்கள். ஒன்றைப் பாதி வாசிப்பார்கள், பிடிக்காவிட்டால் வைத்துவிட்டு அடுத்ததை உருவுவார்கள், போன கிழமை வாசித்ததையே மறுபடியும் தேடி எடுப்பார்கள். பாதியில் விட்ட புத்தகத்துக்கும் நாலாவது தடவை வாசித்த புத்தகத்துக்கும் வாசிப்புக் கொப்பியில் இடம் இல்லை. எனக்குத் தெரிந்த நல்ல வாசகர்கள் எல்லோரும் இந்த இரண்டையும் செய்து வந்தவர்கள்தான்.

ஒக்டோபர் வந்தால் தேசிய வாசிப்பு மாதம். "வாசிப்பு மனிதனைப் பூரணமாக்கும்" என்று பதாகை ஏறும். பாடசாலைகளிலிருந்து எங்களுக்கு அழைப்பு வரும்: பேச்சுப் போட்டிக்கு நடுவர் வேண்டும், கட்டுரைப் போட்டிக்கு நடுவர் வேண்டும். பிள்ளைகளைப் புத்தகத்தோடு சும்மா ஒரு மணித்தியாலம் விடுகிறோம், வாருங்கள் என்று யாரும் கூப்பிட்டதில்லை.

கல்வியியற் கல்லூரி மாணவன் | திங்கள், காலை 10.02

இரண்டு பக்கமும் பாதி சரி என்று நினைக்கிறேன். 1986இல் கஃப், டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வாசிப்பை ஒரு பெருக்கலாக விளக்கினார்கள். எழுத்தை ஒலியாக்கும் திறனை, மொழியைக் கேட்டு விளங்கும் திறனால் பெருக்க வேண்டும். பெருக்கல் என்பதால் ஒன்று பூச்சியமானால் விடையும் பூச்சியம்.

ரீச்சர் நிற்பது முதலாவதில். அதற்கு ஆதாரம் பலமாகவே இருக்கிறது. அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு 2000இல் வெளியிட்ட அறிக்கை, எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பை ஒழுங்குமுறையாகப் படிப்பிக்க வேண்டும் என்றது. பெரியவர் பக்கத்தில் இருந்து திருத்தப் பிள்ளை சத்தமாக வாசிப்பது சரளத்தைக் கூட்டும் என்றது. பிள்ளைகளைத் தனியே மௌனமாக வாசிக்க விடுவதற்கு அப்படிப் போதிய சான்று கிடைக்கவில்லை என்றும் சொன்னது.

ஆரம்பப்பிரிவு ரீச்சர் | திங்கள், பிற்பகல் 2.10

நன்றி தம்பி. இதைத்தான் நான் நேற்றில இருந்து சொல்லுறன்.

நூலகப்பூனை | திங்கள், பிற்பகல் 2.25

தம்பி, சான்று போதாது என்பது வேறு, பயன் இல்லை என்பது வேறு. அந்த அறிக்கையே அதைச் சொல்கிறது. அமெரிக்க மொழியியலாளர் ஸ்டீபன் கிராஷென் இதை வைத்தே அந்தக் குழுவோடு மல்லுக்கட்டினார். அவர் கட்சி தெளிவு: பிள்ளை தானே தெரிந்தெடுத்த புத்தகம், முடிந்தபின் கேள்வியும் இல்லை, குறிப்பும் இல்லை.

உங்களிடம் ஒரு கேள்வி. கொப்பியில் ஐந்து வரி எழுதுவது உங்கள் பெருக்கலில் எந்தப் பக்கம் வரும்?

கல்வியியற் கல்லூரி மாணவன் | திங்கள், பிற்பகல் 3.15

இரண்டு பக்கமும் வராது, அக்கா.

ஆனால் பெருக்கலின் இரண்டாவது பக்கமான கேட்டு விளங்கும் திறனைப் பற்றி இங்கே யாரும் பேசவில்லை. கொழும்பில் சிக்கல் அங்கேதான். "யானை சேற்றில் வழுக்கி வீழ்ந்தது" என்று பிள்ளை ஒரு பிழையும் இல்லாமல் வாசித்துவிடும். வீட்டில் அது "சறுக்கி விழுந்திட்டுது". வீதியில் சிங்களம், முன்பள்ளியில் ஆங்கிலப் பாட்டு, ரிவியில் சென்னைத் தமிழ். பாடப்புத்தகத்துத் தமிழை நாள்முழுக்க யாரும் அந்தப் பிள்ளையின் காதில் போடுவதில்லை. யாழ்ப்பாணத்திலோ ஹட்டனிலோகூட வீட்டுத் தமிழுக்கும் புத்தகத் தமிழுக்கும் தூரம் உண்டு, ஆனால் சுற்றவரத் தமிழாவது இருக்கிறது. இங்கே ஒரு பெரியவர் இருந்து சத்தமாக வாசித்துக் காட்டாவிட்டால் பிள்ளைக்கு அந்த மொழி வேறெங்கும் கிடைக்காது. அதனால் தரம் 3இலும் தரம் 4இலும்கூட ஆசிரியர் தினமும் கதை வாசித்துக் காட்ட வேண்டும் என்பது என் கருத்து.

ஆரம்பப்பிரிவு ரீச்சர் | திங்கள், பிற்பகல் 4.00

கடைசிப் பாடவேளையில நான் வாசிச்சுக் காட்டுறனான் தம்பி. பின்வாங்குப் பிள்ளையளும் வாயை மூடிக்கொண்டு கேக்கும், மணி அடிச்சாலும் எழும்பாது. ஆனா அதில பிள்ளை கேக்கப் பழகுதே ஒழிய வாசிக்கப் பழகுதில்லை. அடுத்த நாள் அதே புத்தகத்தைக் கையில குடுத்தா அதே "கெ... கா"தான்.

வெள்ளவத்தை அம்மா | திங்கள், பிற்பகல் 4.12

ஆனா குடுத்தா வாங்கிறாங்கள்தானே? என்ர மகன் இப்ப வாங்கவே மாட்டன் எண்டுறான்.

மட்டக்குளி வாப்பா | திங்கள், இரவு 8.45

முழுசா வாசிச்சிட்டுத்தான் எழுதுறேன். எல்லாரும் வீட்டுல கதைப்புத்தகம் ஈக்கிண்டு வச்சிக்கொண்டு பேசுறீங்க. எங்கட பக்கம் புள்ளைட கையில ஈக்கிற ஒரே புத்தகம் அரசாங்கம் சும்மா தார பாடப்புத்தகம்தான். 1980லேந்து தாராங்க, பெரிய உதவி அது. 2022ல கடதாசி இல்லாம மேல் மாகாணத்துல தவணைப் பரீட்சையவே ஒத்திப்போட்டாங்க, ஞாபகம் ஈக்கும். அதுக்குப் பொறகு கதைப்புத்தகம் விக்கிற வெலைக்கு நாங்க கடைக்குள்ளயே போறதில்ல.

மகள்ட வகுப்புல ஒரு கண்ணாடி அலுமாரி ஈக்கி. நிறையப் புத்தகம், யாரோ நன்கொடையாக் குடுத்தது. பிளாஸ்ரிக் உறகூடக் கழட்டல்ல. பூட்டு. தொறப்பு அதிபர்ட அறையில. கேட்டதுக்கு, "புள்ளைகள் கிழிச்சா கணக்கெடுக்க வாரவங்களுக்கு யாரு பதில் சொல்லுற?"ண்டாங்க. அந்த வகுப்புலயும் வாசிப்புக் கொப்பி ஈக்கி! மகள் கூட்டாளிட கொப்பியப் பாத்து எழுதுறா. கண்ணால காணாத புத்தகத்துலேந்து "பெரியோரை மதிக்க வேண்டும்"ண்டு கத்துக்கிட்டாளாம்.

கொட்டாஞ்சேனை 155 | திங்கள், இரவு 8.51

நானா, இதுக்கு மேல யாரும் என்னத்தப் பேசுறது.

ஆரம்பப்பிரிவு ரீச்சர் | திங்கள், இரவு 9.20

பேசத்தான் வேணும். நானா சொல்லுறது பொய் இல்லை, இப்பிடி அலுமாரி நானும் கண்டிருக்கிறன். பாவிச்சுக் கிழிஞ்ச புத்தகத்தைக் கணக்கில இருந்து கழிக்க வழி இருக்கு. கடிதம் எழுதி, ஆக்களைக் கூப்பிட்டுக் காட்டிக் கையெழுத்து வாங்கோணும். அதுக்கு மினக்கெடுறதைவிடப் பூட்டி வைக்கிறது சுகம். அப்பிடிப் பூட்டி வச்சுக்கொண்டு கொப்பி கேக்கிறது அநியாயம். அதிலயும் பிள்ளையை எழுப்பி நிக்க வைக்கிறது எந்த விதத்திலயும் சரியில்லை, அதை நான் ஒருநாளும் செய்யேல்லை.

ஆனா அதைக் காட்டிக் கொப்பியே பிழை எண்டாதேங்கோ. பெற்றோரின்ர கையொப்பம் இல்லாட்டி வீட்டில ஒருத்தரும் புத்தகத்தைக் கையால தொடாயினம்.

நூலகப்பூனை | திங்கள், இரவு 9.41

வாப்பாவுக்கு: பொதுசன நூலகம் தூரமாகத்தான் இருக்கும், ஆனால் 155 பஸ்ஸில் வந்து இறங்கி நடக்கலாம். வெள்ளவத்தைப் பக்கம் வந்தால் தமிழ்ச் சங்கத்திலும் நூலகம் உண்டு. போன் இருந்தால் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசம், எழுத்துக் கூடக்கூட நிலை நிலையாகப் பிரித்தும் வைத்திருக்கிறார்கள். அச்செடுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவும் அனுமதி உண்டு. இந்தியத் தமிழ்தான், இடைக்கிடை நீங்கள் விளங்கப்படுத்த வேண்டி வரும்.

மட்டக்குளி வாப்பா | திங்கள், இரவு 9.55

நல்லம், பாக்குறேன். ஆனா பஸ்ல கொண்டுபோய் வாசிக்க வைக்கிற நேரம் எனக்கு ஞாயிறு மட்டும்தான். அலுமாரி வகுப்புக்குள்ளயே ஈக்கி.

வெள்ளவத்தை அம்மா | திங்கள், இரவு 10.05

ரீச்சர், கொப்பி இருக்கட்டும், கையொப்பமும் இருக்கட்டும். "கற்றுக்கொண்டவை" எண்ட ஐஞ்சு வரியையும் பக்க எண்ணிக்கையையும் எடுக்கச் சொல்லிக் கேட்டா? பாதியில விட்டா "பாதியில விட்டிட்டன்" எண்டு எழுத இடம் குடுத்தா?

ஆரம்பப்பிரிவு ரீச்சர் | திங்கள், இரவு 10.14

வரியை எடுத்தா பிள்ளை வாசிச்சதெண்டு நான் எப்பிடி அறியிறது?

நூலகப்பூனை | திங்கள், இரவு 10.16

வாயால் கேளுங்கள் ரீச்சர். எந்த இடத்தில் சிரித்தாய், அந்தப் பக்கத்தை எனக்கு வாசித்துக் காட்டு என்று. எழுத்துக்கூட்டுகிறதா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

கொட்டாஞ்சேனை 155 | திங்கள், இரவு 10.18

எண்பது நிமிசம். 😄

சரி சரி, ஒரு நாளைக்கு எட்டுப் பேர்னு வைங்க. பதினாறு நிமிசம், வெள்ளிக்கெழமையோட நாப்பதும் முடியும்.

ஆரம்பப்பிரிவு ரீச்சர் | திங்கள், இரவு 10.30

சிரியுங்கோ தம்பி. பதினாறு நிமிசம் மற்றப் பிள்ளையளைப் பாக்க ஒரு ஆளைத் தாங்கோ, நாளைக்கே துவங்கிறன். அந்த ஆள் வருமட்டும் கொப்பியை நிப்பாட்ட மாட்டன்.

வெள்ளவத்தை அம்மா | திங்கள், இரவு 10.41

அப்ப புதன்கிழமை அதையும் கேக்கிறன். கிழமையில ஒரு நாள் காலமை நான் வந்து இருக்கலாம், இன்னும் ரெண்டு தாய்மாரும் வருவினம். ஐஞ்சு வரியை எடுக்கச் சொல்லியும் கேப்பன். எழுப்பி நிக்க வைக்கிறதைப் பற்றிக் கேள்வியே இல்லை, அதை நிப்பாட்டோணும்.

தரம்5 அப்பா | திங்கள், இரவு 10.44

கூட்டத்தில மொடல் பேப்பரைப் பற்றியும் ஒருக்காக் கேளுங்கோ.

மட்டக்குளி வாப்பா | திங்கள், இரவு 10.50

தங்கச்சி, ஒங்கட பாடசாலையில அலுமாரி தொறந்து ஈக்கிண்டா, புத்தகம் குறைஞ்சா அவங்க கணக்க எப்படிச் சரிக்கட்டுறாங்கண்டு கேட்டு இங்க போடுங்க. எங்கட அதிபர்ட்டக் கொண்டுபோய்க் காட்டணும்.