நான்ஜிங் யுன்ஜின் பட்டை இன்றும் கையால் நெய்வது ஏன்?

கேள்வி (தறிநேசன்):
சீனாவின் நான்ஜிங் நகரத்து யுன்ஜின் என்னும் பூவேலைப் பட்டுத்துணியை நெய்யும் காணொளி ஒன்றைப் பார்த்தேன். ஒருவர் தறியின் உச்சியில் அமர்ந்து கயிறுகளை இழுக்க, இன்னொருவர் கீழே நெய்கிறார். நாள் முழுவதும் உழைத்தும் ஐந்தாறு சென்டிமீட்டர்தான் வளருமாம். பூவேலையைத் தானே நெய்யும் ஜக்கார்டு தறி வந்து இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகிவிட்ட நிலையில், இயந்திரத்தால் ஆகாதது இதில் என்ன இருக்கிறது? வௌவால், மாதுளை போன்ற உருவங்களுக்குச் சொல்லப்படும் பொருள் பழையதா, விற்பனைக்காகப் பின்னால் சேர்த்ததா?

மறுமொழி (ஊடைப்பாவு):
தறியில் நீளவாக்கில் கட்டிய பாவு இழைகளைத் தேர்ந்து தூக்குவதை ஜக்கார்டு செய்துவிடும். சிக்கல் குறுக்காக நுழைக்கும் ஊடை இழையில்தான் இருக்கிறது. ‘சுவாங்ஹுவா’ என்னும் யுன்ஜின் வகையில் வண்ண ஊடை துணியின் ஒரு கரையிலிருந்து மறுகரைவரை ஓடுவதில்லை. பூ இருக்கும் இடத்தில் மட்டும், அந்த நிறம் சுற்றிய சிறு குழலைக் கையால் நுழைத்து, பூவின் விளிம்போடு திருப்பிவிடுகிறார்கள். அதனால் ஒரே வடிவப் பூ ஒரே வரிசையில் நான்கு முறை வந்தாலும் நான்கையும் நான்கு நிறக்கூட்டில் நெய்ய முடிகிறது. மயில் பீலியின் மெல்லிய இழைகளைப் பட்டு நூலோடு முறுக்கிய நூலும் இப்படியே கையால் நுழைக்கப்படுகிறது.

மேலே இருப்பவர் படத்தைப் பார்த்துக் கயிறு இழுப்பதில்லை. எந்த வரிக்கு எந்தப் பாவிழைகள் எழ வேண்டும் என்பதைக் கணக்கிட்டு முன்கூட்டியே நூல்களில் முடிந்து வைத்திருக்கிறார்கள். அவர் அந்த வரிசைப்படி இழுத்தால் போதும். என்னைக் கேட்டால் இந்தக் கலையின் மூளை அந்த நூல்கட்டுதான். சீன அறிஞர் சோங் யிங்சிங் 1637இல் வெளியிட்ட தொழில்நுட்பப் புத்தகத்திலேயே இந்த வகைத் தறி விளக்கப்பட்டிருக்கிறது.

மறுமொழி (செம்பருத்தி):
உருவங்களைப் பற்றிய கேள்விக்கு: பொருள் பழையதுதான். சீன மொழியில் வௌவாலும் நற்பேறும் ‘ஃபூ’ என்றே ஒலிப்பதால், ஐந்து வௌவால்கள் சேர்ந்தால் நீண்ட ஆயுள், செல்வம் உள்ளிட்ட ஐந்து பேறுகளைக் குறிக்கும். விதை நிறைந்த மாதுளை மக்கட்பேற்றுக்கும், பீச் பழம் நெடுவாழ்வுக்கும் உரியவை.

ஆனால், அரசவைத் துணியில் வாழ்த்தைவிடத் தகுதிதான் முதன்மை. சீனாவை ஆண்ட மிங், சிங் அரசமரபுகளின் காலத்தில் குடிமை அதிகாரிகளின் உடையில் மார்பில் தைத்த பதவிச் சதுரத்தில் பறவையும் படை அதிகாரிகளுக்கு விலங்கும் இருந்தன. கொக்கு முதல் நிலைக் குடிமை அதிகாரிக்குரியது. ஐந்து நகம் கொண்ட டிராகனை நினைத்தவரெல்லாம் அணிந்துவிட முடியாது. ஆகவே, ‘இந்த உருவத்துக்கு இந்தப் பொருள்’ என்று அகராதி போடுகிறவர்கள், யாருடைய உடை என்பதையும் சேர்த்துக் கேட்பது நல்லது.

தறிநேசன்:
இருவருக்கும் நன்றி. கையால் நெய்ததா, இயந்திரத்தில் நெய்ததா என்பதைத் துணியைப் பார்த்தே சொல்ல முடியுமா?

ஊடைப்பாவு:
முடிந்தால் துணியைத் திருப்பிப் பாருங்கள். சாதாரண இயந்திரப் பட்டில் வண்ண ஊடைகள் பின்புறம் அகலம் முழுதும் ஓடியிருக்கும், அல்லது அவற்றை வெட்டி நீக்கிய நுனிகள் தெரியும். சுவாங்ஹுவாவில் வண்ணநூல் பூவின் எல்லையிலேயே மடங்கித் திரும்பியிருக்கும். முன்பக்கத்தில், அடுத்தடுத்த பூக்களின் நிறம் மாறுகிறதா என்றும் கவனியுங்கள். பொன்னிழை மினுக்கத்தை மட்டும் நம்பி முடிவுசெய்துவிடாதீர்கள். அது இயந்திரத் துணியிலும் தாராளமாகவே இருக்கும்.