ஓஎஸ் (விண்டோஸ், லினக்ஸ் மாதிரி கம்ப்யூட்டர ஓட்டுற அடிப்படை சாஃப்ட்வேர்) நல்லதா கெட்டதான்னு ஸ்கிரீன பாத்தே முடிவு பண்றாங்களே, உங்களுக்கு நடந்தத சொல்லுங்க

திருப்பூர், கம்ப்யூட்டர் சர்வீஸ்:
வணக்கம் மக்களே. சர்வீஸ் கடை வெச்சிருக்கேன். 2025 அக்டோபர் 14ஓட விண்டோஸ் 10க்கு வழக்கமான சப்போர்ட் முடிஞ்சதுல இருந்து பழைய மெஷின தூக்கிட்டு வர்றவங்க ஜாஸ்தி ஆயிட்டாங்க. விண்டோஸ் 11 போடணும்னா டிபிஎம் 2.0ங்கற பாதுகாப்பு வசதி மெஷின்ல வேணும், இன்டெல் ப்ராசஸர்னா 8வது ஜெனரேஷனாவது இருக்கணும், அது இல்லாதவங்களுக்கு கேட்டுட்டு எஸ்எஸ்டி (வேகமான புது டிஸ்க்) மாட்டி, விண்டோஸுக்கு பதிலா லினக்ஸ் மிண்ட்ங்கற இலவச ஓஎஸ் போட்டு குடுக்கறேன்.

அப்படித்தான் ஒரு நூல் கடை கணக்குப்பிள்ளை ஐயாவோட சிஸ்டத்துக்கும் போட்டேன். முன்னாடி ஆன் பண்ணிட்டு டீ குடிச்சுட்டே வந்துரலாம், இப்ப ஸ்விட்ச் போட்டதும் வந்து நிக்குது. ஆனா அந்த வேகத்த பத்தி அவரு ஒரு வார்த்த பேசல. ஸ்கிரீன பாத்த உடனே "தம்பி, இது எங்க சிஸ்டமே இல்லீங்களே, லெட்ஜர் எல்லாம் அழிஞ்சு போச்சுங்களா"ன்னு கேட்டாரு, முகமே வெளுத்துப் போச்சு பாவம். ஃபைல் ஒண்ணும் போகல, எல்லாம் டாக்குமெண்ட்ஸ்ல பத்திரமா இருந்துச்சு. டெஸ்க்டாப்ல இடது பக்கம் ரீசைக்கிள் பின்னுக்கு கீழ இருந்த லெட்ஜர் ஃபோல்டர் அங்க இல்ல, அவ்ளோதான். அத பழைய இடத்துலயே கொண்டாந்து வெச்சு, எக்ஸெல் மாதிரியே இருக்கற லிப்ரே ஆபீஸ் கால்க்குக்கு ஒரு ஷார்ட்கட் போட்டு அதுக்கு "எக்ஸெல் கணக்கு"ன்னு பேரு குடுத்து, பழைய முருகர் படத்தையே வால்பேப்பரா போட்டேன். "ஆங், இப்ப சரியாயிடுச்சுங்க தம்பி"ன்னு கெளம்பிட்டாரு. உள்ள ஓடுற கெர்னல்ல (ஓஎஸ்ஸோட மையப் பகுதி) இருந்து ஃபைல் சிஸ்டம் (ஃபைல டிஸ்க்ல அடுக்கி வெக்கற முறை) வரைக்கும் எல்லாமே வேற, அது அவருக்கு ஒரு பொருட்டே இல்ல.

2009ல ஆஸ்திரேலியாவுல இசட்டிநெட்ங்கற டெக் நியூஸ் சைட் ஆளுங்க சிட்னி தெருவுல போறவங்க கிட்ட ஒரு லேப்டாப்ப காட்டி இது புது விண்டோஸ் 7னு சொன்னாங்க, நிஜத்துல அது லினக்ஸ்ல ஓடுற கேடிஈ 4ங்கற டெஸ்க்டாப் முகப்பு. பாத்தவங்க நல்லா இருக்குன்னுதான் சொன்னாங்க. அந்த வீடியோ பாத்ததுல இருந்தே இத பத்தி எல்லார்கிட்டயும் கேக்கணும்னு இருந்துச்சு. உங்க அனுபவத்த எழுதுங்க.

அரசுப் பள்ளி டீச்சர், விழுப்புரம் பக்கம்:
சார், எங்க பசங்களுக்கு வந்த இலவச லேப்டாப்ல விண்டோஸ் 7, பாஸ் லினக்ஸ் ரெண்டுமே இருந்துச்சு. பாஸ் லினக்ஸ் நம்ம மத்திய அரசோட சி-டாக் நிறுவனம் பண்ணது, டெபியன்ங்கற இன்னொரு லினக்ஸ அடிப்படையா வெச்சு. ஆன் பண்ணா எது வேணும்னு கேட்டு கருப்பு ஸ்கிரீன்ல வெள்ள எழுத்து வரும்ல, அத பாத்துட்டு ஒரு பொண்ணு "டீச்சர் வைரஸ் வந்துடுச்சு"ன்னு அழுதுகிட்டே தூக்கிட்டு வந்துச்சு.

ஆனா நான் கவனிச்சது வேற. ப்ரௌசிங் சென்டர் போயி பழகுன பசங்கதான் பாஸ் நல்லால்லன்னு ஒதுக்குனாங்க. அதுக்கு முன்னாடி கம்ப்யூட்டரையே தொடாத பசங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான், எத காட்டுனாலும் பெயிண்ட் எங்க இருக்கு பாட்டு எங்க இருக்குன்னு அவங்களே தேடி கண்டுபிடிச்சிடுவாங்க. அதனால அழகா இருக்கா இல்லையாங்கறத விட கை எதுல பழகுச்சுங்கறதுதான் விஷயம்னு நான் நெனக்கிறேன். உங்க கணக்குப்பிள்ளையும் அழக கேக்கல, தான் வெச்ச பொருள் வெச்ச இடத்துல இருக்கான்னுதான் கேட்டிருக்காரு.

சென்னை, சாஃப்ட்வேர் டெஸ்டிங்:
டீச்சர் சொல்றது ரொம்ப சரி. விண்டோஸ் 8 கதையே அதுதான. 2012ல வந்தப்ப 7ஐ விட சீக்கிரம் பூட் ஆச்சு (ஆன் ஆகி வந்துச்சு), உள்ளுக்குள்ள நெறைய வேல பண்ணியிருந்தாங்க. ஆனா ஸ்டார்ட் பட்டன காணோம், ஷட்டவுன் பண்ண வலது ஓரத்துக்கு மவுஸ கொண்டுபோயி ஒளிஞ்சிருக்க பார்ல தேடணும். பதினேழு வருஷமா, 95ல இருந்து கீழ இடது மூலைக்கு போயி பழகுன கை, அங்க ஒண்ணுமே இல்லன்னா கோவம் வராம என்ன வரும்? 2013ல 8.1ல பட்டன் திரும்ப வந்துச்சு, பழைய மாதிரி மெனு வர 2015ல விண்டோஸ் 10 வரைக்கும் ஆச்சு. அவ்ளோ பெரிய கம்பெனிய சாதாரண ஜனங்க இறங்கி வர வெச்சாங்க.

விஸ்டாவ திட்டுனவங்கதான் 7ஐ தலைல தூக்கி வெச்சாங்க, உள்ள வெர்ஷன் நம்பர பாத்தா விஸ்டா 6.0, 7 வெறும் 6.1தான். 7ல வேகமும் கூடுச்சு, விஸ்டாவுக்கு தடுமாறுன டிரைவர் (பிரிண்டர் மாதிரி சாதனங்கள ஓட்டுற சாஃப்ட்வேர்) எல்லாம் அதுக்குள்ள சரியாயிடுச்சு, அது உண்மைதான். இருந்தாலும் 2008ல மைக்ரோசாஃப்டே விஸ்டாவுக்கு மொஹாவின்னு வேற பேரு சொல்லி காட்டுனப்ப, விஸ்டாவ புடிக்காதுன்னு சொன்னவங்களே நல்லா இருக்குன்னாங்க. அது கம்பெனியே நடத்துன விளம்பரம், நல்ல மெஷின்ல அவங்க ஆளே ஓட்டி காட்டுனது, அதனால முழுசா நம்பிட முடியாது. வீட்டுக்கு கொண்டுபோயி நம்ம பிரிண்டர மாட்டுனப்பறம்தான் நெசம் தெரியும்.

மதுரை, மொபைல் கடை:
அண்ணே, போன்ல தெனம் பாக்குறேன் இத. ரெண்டு போனும் ஆண்ட்ராய்டுதான், ஆனா கம்பெனி மாறுனா முகப்பு மாறிடும். போன மாசம் ஒரு அம்மாவுக்கு மகன் வெளிநாட்டுல இருந்து புது போன் அனுப்பிருந்தாரு, வெல ஜாஸ்தி. பழசுல கால் வந்தா பச்சைய பக்கவாட்டுல இழுக்கணும், இதுல மேல தள்ளணும். மகன் கூப்புடுறாரு, இந்தம்மா பக்கவாட்டுலயே இழுத்துகிட்டு இருக்காங்க, கட் ஆயி போச்சு. "இது ஒடஞ்ச போனுய்யா, பழசையே குடு"ன்னாங்க. அவங்களுக்கு அந்த போன்ல முக்கியமானது மகன் குரல், அது கெடைக்கலன்னா ப்ராசஸர் எதுவா இருந்தா என்ன? டயலர் செட்டிங்ஸ்ல கால் எடுக்குற முறைய பட்டனுக்கு மாத்தி விட்டு, என் போன்ல இருந்து அடிச்சு அடிச்சு எடுக்க வெச்சு பழக்குனப்பறம்தான் வாங்கிட்டு போனாங்க.

திருப்பூர், கம்ப்யூட்டர் சர்வீஸ்:
டீச்சர் சொன்னத ரொம்ப நேரம் யோசிச்சேன், கணக்குப்பிள்ளை விஷயத்துல நீங்க சொன்னதுதாங்க சரி. விவரம் தெரியாதவங்கன்னு நம்ம பீல்டுல சில பேரு கஸ்டமர கேலி பேசறாங்க, எனக்கு அது புடிக்கவே புடிக்காது. மெமரிய எப்படி பிரிச்சு குடுக்குது, பர்மிஷன எப்படி பாக்குதுன்னு கண்ணுக்கு தெரியாததுல அவங்க எப்படி மார்க் போடுவாங்க? தெரியறது ஸ்கிரீன் மட்டும்தான், அதுலதான் அவங்க வேலையும் நடக்குது.

இப்பல்லாம் ஃபார்மட் அடிக்கறதுக்கு முன்னாடி பேக்கப் எடுக்கறப்பவே டெஸ்க்டாப்பையும் டாஸ்க்பாரையும் போன்ல ஒரு போட்டோ புடிச்சு வெச்சுக்கறேன், முடிச்சதும் அத பாத்து பாத்து ஐக்கான எல்லாம் அதே எடத்துல வெப்பேன். கூடுதலா ஒரு அரை மணி நேரம் ஆகும், ஆனா அப்பறம் போன் வர்றது ரொம்ப கொறஞ்சிருச்சு.

ஒரு உதவி வேணும். மிண்ட்ல ஐபஸ்ங்கற மொழி மாத்தற டூல் வெச்சு தமிழ் 99 கீபோர்டு முறைய போட்டு குடுத்தா டைப் பண்றதுல பிரச்சன இல்ல, இப்ப தமிழ்ல இருக்கா இங்கிலீஷ்ல இருக்கான்னு கீழ பார்ல காட்டற எழுத்து ரொம்ப சின்னதா தெரியுது, வயசானவங்க கண்ணுக்கு எட்டல. அத மட்டும் பெருசாக்க வழி இருக்கா? பண்ணவங்க யாராவது ஸ்கிரீன்ஷாட்டோட சொல்லுங்க.