புதுப்பிப்பு: அம்மாவை ஏலகிரிக்குக் கூட்டிப்போய் வந்துவிட்டேன்

முட்டி வலியோடு இருக்கிற அம்மாவை தண்டையார்பேட்டையிலிருந்து ரெண்டு நாள் ஊட்டிக்குக் கூட்டிப்போகலாமா, ஏலகிரிக்கா என்று போன மாதம் கேட்டிருந்தேன். ஏலகிரி போ, அவசரப்படாதே என்று சொன்ன எல்லோருக்கும் மனசார நன்றி.

பெரம்பூரில் ரயில் ஏறி ஜோலார்பேட்டையில் இறங்கி ஒரு கார் பிடித்தோம். மலைப்பாதையில் மொத்தம் 14 கொண்டை ஊசி வளைவுகள், அவற்றுக்குப் புலவர்கள், கடையெழு வள்ளல்கள் பெயரை வைத்திருக்கிறார்கள், அம்மா ஒவ்வொரு பலகையையும் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தார், பாரி பெயர் வந்ததும் முல்லைக்குத் தேர் கொடுத்த கதையை எனக்கு முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்துவிட்டார். அஞ்சாம் வகுப்பில் படித்ததாம். பயணத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான்.

தங்குமிடத்தில் கீழ்த்தளம் என்று பேசிவிட்டு மாடி அறை கொடுத்தார்கள், ஒரு மணி நேரம் வாதாடித்தான் மாற்றினேன். வயசானவர்களோடு போகிறவர்கள் கிளம்பும் முன் மறுபடி போன் செய்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

அப்புறம், ஏலகிரியிலேயே உயரமான சிகரமான சுவாமிமலையில் ஏறவில்லை. புங்கனூர் ஏரிக்கரையில் ரெண்டு நாளும் சாயங்காலம் மெதுவாக நடந்தோம், உட்கார்ந்தோம், பலாச்சுளை சாப்பிட்டோம். உயரம் சுமார் 1,100 மீட்டர்தான் என்பதால் பகலில் வெயில் தெரியும், ஆனால் நம்ம ஊர் கசகசப்பு கிடையாது, இருட்டினால் ஒரு சால்வை போதும்.

அடுத்து ஏற்காடு போகலாமா என்று அம்மாவே கேட்கிறார். அங்கே முட்டிக்குச் சிரமம் இல்லாத இடங்கள் தெரிந்தால் சொல்லுங்கள்.