செகண்ட் லைஃபில் அடுத்து எங்கே போகலாம்?

நண்பர்களே, 2003 முதல் இருக்கும் செகண்ட் லைஃப் என்ற இணைய மெய்நிகர் உலகத்துக்குள் நான் நுழைந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. எங்கே தேடினாலும் கடைகளும் நடன கிளப்புகளுமே கண்ணில் படுகின்றன.

எனக்குப் பிடித்தது ஹெட்டரோசெரா கண்டத்து ரயில் பாதைதான். தண்டவாளத்தை ஒட்டியே நடந்தேன். 256 மீட்டர் தாண்டி அடுத்த ரீஜனுக்குள் (அந்த உலகின் ஒரு சதுர நிலத் துண்டு) கால் வைக்கும்போது என் அவதார், அதாவது அங்கே நான் இயக்கும் உருவம், ஒரு கணம் தடுமாறி, அந்தரத்தில் நீந்திவிட்டு மறுபடி நடக்கும். அங்குள்ள ரீஜன்களுக்கு விட்டில் பூச்சிகளின் பெயர் வைத்திருக்கிறார்கள் என்பது அப்புறம்தான் தெரிந்தது! பிளேக் கடலில் படகும் ஓட்டியாயிற்று.

இப்படி யாரோ பொறுமையாகக் கட்டிவைத்த, ஆள் நடமாட்டம் குறைந்த இடங்கள் வேறு தெரியுமா? காடு, குகை, பாழடைந்த வீடு, எதுவானாலும் சரி. லேண்ட்மார்க் (அந்த இடத்துக்கு நேராகப் போக உதவும் சேமித்த குறிப்பு) இருந்தால் கொடுங்கள். என் லேப்டாப் பழசு, மரம் அதிகமானால் திணறும். அதையும் கொஞ்சம் மனதில் வையுங்கள்.