ஆறு அணி பன்னிரண்டு ஆனபோது: மதுரை உள்ளரங்கக் கால்பந்து லீக்கில் எங்கள் அனுபவங்கள்

திருநகர், அமைப்பாளர்களில் ஒருவர்

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஐந்தாவது சீசனுக்கான கூட்டம். அதற்கு முன் அவரவர் பட்டதை மறைக்காமல் எழுதுங்கள். நானே தொடங்கிவைக்கிறேன்.

முதல் சீசனில் ஆறு அணிகள். நான்கு பேட்மின்டன் கோர்ட் அகலமுள்ள ஒரு தகரக்கூரை ஷெட்டில் இரவு எட்டு மணிக்கு மேல் ஆடினோம். எழுதிவைத்த விதி என்று ஒன்றும் இல்லை. தகராறு வந்தால் இரண்டு கேப்டன்களும் வாசலில் டீ குடித்துவிட்டு வருவார்கள், முடிந்துவிடும். ஒருவர் வீட்டுக் கல்யாணத்தில் மற்றவர் பந்தி பரிமாறுகிற பழக்கம். மூன்றாவது சீசனில் மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டி, பாலமேடு, திண்டுக்கல் அணிகள் சேர்ந்து பன்னிரண்டு ஆனோம். மகிழ்ச்சியில் எல்லோரையும் சேர்த்துக்கொண்டோம். எழுதாமல் விட்டதெல்லாம் அந்த வருடம் வரிசையாக எங்கள் முன்னால் வந்து நின்றது.

பன்னிரண்டு அணி, ஆளுக்குப் பதினோரு ஆட்டம், மொத்தம் 66. ஜனவரியில் தொடங்கினால் மே மாதம் வரை இழுக்கும். ஒரு தம்பி கணினியில் அட்டவணை போட்டுக் கொடுத்தான், அப்படியே அச்சடித்து ஒட்டிவிட்டோம். அதில் பாலமேடு அணிக்கு மாட்டுப் பொங்கலன்று ஆட்டம். ஜல்லிக்கட்டு பொங்கலன்று அவனியாபுரம், மறுநாள் பாலமேடு, அதற்கடுத்த நாள் அலங்காநல்லூர் என்பது எங்களில் யாருக்குத் தெரியாது? ஆனால் ஒருவருக்கும் நினைவு வரவில்லை. அந்த அணியில் இருவர் மாடுபிடிக்கிறவர்கள், ஒருவன் வீட்டுக் காளையே வாடிவாசலில் நிற்கிறது. “அண்ணே, சாமி மாட்டை விட்டுவிட்டுப் பந்து ஆட வரச் சொல்கிறீர்களா?” என்று கேட்டார்கள். தலைகுனிந்து தேதியை மாற்றினோம்.

சித்திரையில் அதே தவறு மறுபடியும் நடந்தது. அழகரை ஊரே திரண்டு வரவேற்கும் எதிர்சேவை அன்று மாலை மேலூர் அணிக்கு ஆட்டம். அவர்கள் மாட்டுத்தாவணியில் இறங்கி ஆற்றைக் கடந்து தென்பக்கம் வர வேண்டும். தல்லாகுளத்திலிருந்து கோரிப்பாளையம் வரை தலைகள்தான் தெரிந்தன. பிள்ளைகள் ஷூவைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தே வந்து சேர்ந்தபோது ஒன்றரை மணி நேரம் தாமதம். எதிரணி அரசரடிப் பிள்ளைகள். வாக் ஓவர், அதாவது ஆடாமலே வெற்றி, கேட்டிருந்தால் கொடுத்திருப்போம். அவர்கள் கேட்கவில்லை. தரையில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். அந்த இரவை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

ஆரப்பாளையம், நடுவர்

பதினொருவர் ஆட்டத்தில் பல வருடம் விசில் ஊதியவன் நான். ஷெட்டுக்குள் வந்த முதல் இரவு எனக்கே எல்லாம் புதிது. பக்கக் கோட்டைத் தாண்டிய பந்தைக் காலால் உள்ளே அடிக்கும் கிக்-இன், கார்னர், ஃப்ரீ கிக் எதுவானாலும் நான்கு விநாடிக்குள் ஆடிவிட வேண்டும். நடுவர் கையை உயர்த்தி விரல்களால் எண்ணிக் காட்டுவார். நான் எண்ணுவதைக் கண்ட ஒரு பையன், தன்னைக் கேலி செய்கிறேன் என்று நினைத்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்துவிட்டான். அவன் மேல் குற்றமில்லை. யாரும் அவனுக்குச் சொல்லித்தரவில்லை.

வெளியூர் அணிகள் ஐந்தாம் எண் பந்தைக் கொண்டுவந்தார்கள். திடலுக்கு அதுதான் பந்து. மரத்தரையில் அது மார்பளவு துள்ளியது, ஒரே இரவில் மூன்று டியூப்லைட் உடைந்தது. ஃபுட்சால் என்கிற இந்த உள்ளரங்கக் கால்பந்துக்கு நான்காம் எண் பந்து. சுற்றளவு 62 முதல் 64 செ.மீ. 2 மீட்டர் உயரத்திலிருந்து விட்டால் முதல் துள்ளல் 50 செ.மீ.க்குக் குறையவும் கூடாது, 65-ஐத் தாண்டவும் கூடாது. சுவரில் சாக்பீஸால் மூன்று கோடு போட்டேன். ஆட்டத்துக்கு முன் இரண்டு கேப்டன்களையும் நிறுத்திப் பந்தை விட்டுக் காட்டுவேன். அன்று முதல் பந்தைப் பற்றி ஒரு புகாரும் இல்லை. கண்ணால் பார்த்துவிட்டால் நம் பிள்ளைகள் ஒப்புக்கொள்வார்கள் என்பது என் அனுபவம்.

‘இது பந்தாட்டமே இல்லை, இடமில்லாதவர்கள் ஆடுவது’ என்று சொல்கிற மூத்த ஆட்டக்காரர்கள் நம் ஊரில் உண்டு. அவர்களிடம் நான் சொல்வது இதுதான். 1930-இல் உருகுவேயின் மாண்டிவிடியோவில் யுவான் கார்லோஸ் செரியானி என்ற ஆசிரியர் ஒய்.எம்.சி.ஏ. பிள்ளைகளுக்காக அமைத்துக்கொடுத்த ஆட்டம் இது. கூடைப்பந்து, ஹேண்ட்பால், வாட்டர் போலோ விதிகளிலிருந்தும் எடுத்துக்கொண்டார். 1989 முதல் ஃபிஃபா உலகக் கோப்பை நடக்கிறது. நம் நாட்டில் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு 2021-இல்தான் தில்லியில் கிளப் அணிகளுக்கு ஃபுட்சால் போட்டி தொடங்கியது. அதற்கு முன் நம் பிள்ளைகளுக்கு ஏறிப்போக ஏணியே இல்லை.

என் தவறையும் எழுதிவிடுகிறேன். விதிப்படி பாதிக்கு இருபது நிமிடம், பந்து வெளியே போனால் கடிகாரம் நிற்க வேண்டும். முதல் இரண்டு சீசனில் கடிகாரத்தை நிறுத்தாமல் ஆடினோம். மூன்றாவதில் முறைப்படி நடத்த வேண்டும் என்று வற்புறுத்தியவன் நான். நாற்பது நிமிட ஆட்டம் ஒன்றேகால் மணி நேரம் பிடித்தது. இரவுக்கு நான்கு ஆட்டம் போட்டிருந்தோம். நான்காவது முடியும்போது ஒரு மணி. அதன் விளைவை உசிலம்பட்டித் தம்பி எழுதட்டும்.

அதே ஷெட்டில் காலையில் பேட்மின்டன் ஆடுபவர்

கறுப்பு அடி ஷூ போட்டு ஆடியவர்களால் மரத்தரை முழுக்கக் கோடு. காலையில் நாங்கள் துணியும் மண்ணெண்ணெயும் வைத்துத் தேய்த்தோம். நான்காவது சீசனில் வாசலிலேயே ஷூவைத் திருப்பிக் காட்டச் சொன்னீர்கள். நன்றி. அதைத் தொடருங்கள்.

உசிலம்பட்டிப் பக்கம், ஆட்டக்காரர்

நடுவர் ஐயா தன் மேல் போட்டுக்கொள்ள வேண்டாம். முறையாக நடத்தச் சொல்லிக் கேட்டது நாங்களும்தான்.

ஆரப்பாளையத்திலிருந்து உசிலம்பட்டி வரை பஸ் கிடைத்துவிடும். அங்கிருந்து எங்கள் ஊருக்குக் கடைசி டவுன் பஸ் இரவு ஒன்பதரைக்கே போய்விடும். நான்காவது ஆட்டம் எங்களுடையது என்றால் அன்று ஆரப்பாளையம் பஸ் நிலையம்தான் படுக்கை. எட்டுப் பேர் துணிப் பையைத் தலைக்கு வைத்துப் படுத்திருப்போம். ஒரு டீக்கடைக்காரர் எங்களுக்காக இரண்டு பெஞ்சை உள்ளே எடுத்துவைக்காமல் விட்டுவிட்டுப் போவார். அவர் முகம் எனக்கு எந்தக் கோலையும் விட நன்றாக நினைவிருக்கிறது.

எங்களில் இருவர் வீட்டில் மல்லிகைத் தோட்டம். விடியுமுன் பூப் பறித்துச் சந்தைக்குக் கொடுத்தால்தான் விலை. ஒருமுறை காலை ஏழு மணிக்கு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது சந்தைக்குக் கொடுக்கிற நேரம் போய்விட்டது. அந்த அம்மா பிள்ளையைத் திட்டவில்லை, “பந்தை வைத்துப் பூவுக்குக் காசு கொடுப்பார்களா” என்று மட்டும் கேட்டார்களாம். அவர்கள் இருவரும் அதோடு நின்றுவிட்டார்கள். எங்கள் அணியிலேயே நன்றாகப் பந்தைக் காலில் வைத்திருக்கத் தெரிந்தவர்கள் அவர்கள்தான். வெளியூர் அணிகளுக்கு முதல் இரண்டு ஆட்டங்களை ஒதுக்குங்கள். நாங்கள் கேட்பது அவ்வளவுதான்.

விளாச்சேரி, ஓர் ஆட்டக்காரரின் அக்கா

கோட்டுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு முழம் கூட இல்லாத ஷெட் அது. என் தம்பி பந்தைத் துரத்திக்கொண்டு போய் இரும்புத் தூணில் மோதினான். தாடையில் ஏழு தையல். முதலுதவிப் பெட்டியில் பஞ்சு தீர்ந்திருந்தது, யாரோ தன் ஜெர்சியைக் கழற்றி அழுத்திப் பிடித்தார்கள். 108-க்கு யார் போன் செய்வது என்று நான்கு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றதை நான் மறக்கவில்லை. இப்போது தூண்களுக்குப் பழைய மெத்தையைச் சுற்றிக் கட்டியிருக்கிறீர்கள். கட்டிய கயிறு தளர்ந்திருக்கிறது. கூட்டத்துக்கு முன் ஒருவர் போய் இறுக்கிவிட்டு வாருங்கள்.

கே.கே. நகர், பெண்கள் அணி

நான்கு அணிகளாகச் சேர்ந்து நாங்களும் ஆட வந்தோம். ஞாயிறு காலை ஐந்தரை மணி கொடுத்தீர்கள், ஏற்றுக்கொண்டோம். கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கேட்டு மூன்று வாரம் ஆனது. கடைசியில் எங்கள் கோல்கீப்பர்தான் வீட்டிலிருந்து ஸ்க்ரூ டிரைவர் கொண்டுவந்து பொருத்தினாள். அட்டவணைத் தாளில் எங்கள் ஆட்டங்களைக் கீழே பேனாவால் எழுதியிருந்தீர்கள். இந்த முறை அச்சில் வர வேண்டும்.

மேலூர், கேப்டன்

நான் எழுதக் கூடாது என்றிருந்தேன். எதிர்சேவை இரவைப் பற்றிப் படித்ததும் எழுதத் தோன்றியது. நான்காவது சீசனுக்கு நாங்கள் ஏன் வரவில்லை என்பது பலருக்குத் தெரியாது.

மூன்றாவது சீசனில் ஓர் அணி ஆறு ஆட்டம் ஆடிவிட்டுப் பாதியில் நின்றுவிட்டது. பணம் இல்லை என்றார்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அதன் கணக்கை என்ன செய்வது என்று யாரும் முன்கூட்டி எழுதிவைக்கவில்லை. அமைப்பாளர்கள் ஒரு ராத்திரியில் முடிவெடுத்து, காலையில் வாட்ஸ்அப்பில் போட்டார்கள்: அந்த அணி ஆடிய எல்லா ஆட்டமும் ரத்து.

நாங்கள் அந்த அணியை 4-க்கு 3 என்று வென்றிருந்தோம். கடைசி நிமிடத்தில் வந்த கோல். அரையிறுதிக்கு எங்களோடு போட்டியிட்ட அணி அவர்களிடம் தோற்றிருந்தது. ரத்து செய்ததும் எங்களுக்கு மூன்று புள்ளி போயிற்று, 19 என்பது 16 ஆனது. அவர்களுடைய தோல்வி அழிந்தது, 17 அப்படியே நின்றது. நான்காவது இடத்தில் இருந்தவர்கள் ஐந்தாவது ஆனோம். அரையிறுதி போயிற்று.

சட்டப்படி அதுவும் ஒரு வழிதான் என்று சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் பதினொன்றில் ஆறு ஆட்டம், பாதிக்கு மேல், ஆடி முடித்த அணி அது. பாதிக்குக் குறைவாக ஆடியிருந்தால் எல்லாவற்றையும் அழியுங்கள். பாதியைத் தாண்டிவிட்டால் ஆடியது ஆடியதாக நிற்கட்டும், மிச்ச ஆட்டங்களில் எதிரணிக்கு வாக் ஓவர், ஃபுட்சால் வழக்கப்படி 5-0. இதை ஜனவரியில் எழுதி ஒட்டியிருந்தால் எந்த முடிவையும் வாய்திறக்காமல் ஏற்றிருப்பேன். ஏப்ரலில், யார் எத்தனை புள்ளி என்று தெரிந்த பிறகு எடுத்த முடிவு அது. எங்களை வேண்டுமென்றே கழித்தார்கள் என்று என் பிள்ளைகள் நம்பினார்கள். அப்படி இல்லை என்று அவர்களிடம் சொல்ல என்னிடம் ஒரு தாள் கூட இல்லை. கோபத்தை விட அதுதான் எனக்கு வலித்தது.

நத்தம் ரோடு, ஸ்கோர் மேசை

புள்ளியியல் படிக்கும் மாணவி நான். மூன்றாவது சீசனில்தான் மேசைக்கு வந்தேன்.

ஒரு பாதியில் ஓர் அணி ஐந்து ஃபவுல் வரை செய்யலாம். ஆறாவதிலிருந்து எதிரணி, ஆட்கள் வரிசையாக நின்று மறிக்கும் தடுப்புச் சுவர் இல்லாமல் கோலை நோக்கி அடிக்கலாம். அதனால் எண்ணிக்கை மேசைக்கு உயிர். வாடிப்பட்டி ஆட்டம் ஒன்றில் என் நோட்டில் ஆறு, என் பக்கத்தில் இருந்தவர் நோட்டில் ஐந்து. இருபக்கமும் மேசையைச் சூழ்ந்துகொண்டார்கள். எனக்குக் கை நடுங்கியது. நடுவர் ஐயா என் நோட்டை வாங்கி, ஒவ்வொரு ஃபவுலுக்கும் நான் நிமிடமும் சட்டை எண்ணும் எழுதியிருந்ததை உரக்கப் படித்தார். நான்காவதைப் படித்ததும் அதைச் செய்த பையனே, “ஆமாம், அது நான்தான்” என்றான். கூட்டம் கலைந்தது. மறுவாரத்திலிருந்து ஐந்தாவது ஃபவுல் விழுந்ததும் அந்த அணிப் பக்கம் மேசை மேல் சிவப்புக் கூம்பு வைக்கிறோம்.

மேலூர் அண்ணே, உங்கள் அந்த 4-3 ஆட்டத்தின் தாளும் என்னிடம் இருக்கிறது. கடைசி கோல் 39-வது நிமிடம், சட்டை எண் 9.

திருநகர், அமைப்பாளர்களில் ஒருவர்

மேலூர்த் தம்பிக்கு. அந்த இரவு நாங்கள் ஐந்து பேர் இருந்தோம். உங்களைக் கழிக்க வேண்டும் என்று ஒருவரும் நினைக்கவில்லை, என் பிள்ளை மேல் ஆணையாகச் சொல்கிறேன். ஆனால் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசினோம். அது தவறு. உங்களைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்காததும் தவறு. நான் மன்னிப்புக் கேட்கிறேன்.

நீங்கள் எழுதிய பாதிக் கணக்கை அப்படியே விதியாகக் கொண்டுவருகிறேன். பாதிக்கு இருபது நிமிடம் ஓடும் கடிகாரம், கடைசி இரண்டு நிமிடம் மட்டும் நிறுத்துவது என்று நடுவர் ஐயாவிடம் பேசியிருக்கிறேன், ஒத்துக்கொண்டார். இரவுக்கு மூன்றே ஆட்டம், வெளியூர் அணிகளுக்கு முதலிரண்டு. பெண்கள் ஆட்டங்கள் அச்சில் வரும். மெத்தைக் கயிற்றை இன்று மாலை நானே போய்க் கட்டுகிறேன். ஞாயிறு பத்து மணிக்கு வாருங்கள் தம்பி.

மேலூர், கேப்டன்

வருகிறோம் அண்ணே. கோப்பையைத் திருப்பிக் கேட்கவில்லை. மூன்றாவது சீசன் பட்டியலில் எங்கள் பெயருக்கு நேரே 19 என்று எழுதி, பக்கத்தில் காரணத்தையும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அதை நான் பிள்ளைகளிடம் காட்ட வேண்டும்.

நத்தம் ரோடு, ஸ்கோர் மேசை

எழுதிவிட்டேன் அண்ணே. காரணத்துக்கு நான்கு வரி விட்டிருக்கிறேன். கையெழுத்து மட்டும் பாக்கி. ஞாயிற்றுக்கிழமை நோட்டைக் கொண்டுவருகிறேன், உங்கள் 9-ஆம் எண் தம்பியையும் அழைத்து வாருங்கள்.