கிரவுண்ட் லூப்: தமிழில் என்ன எழுதுவது?

வணக்கம். வாகன மின்னணுப் பயிற்சிக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். காரில் ஆம்ப்ளிஃபயர் மாட்டியபின் ஸ்பீக்கரில் ‘ஙொய்ங்’ என்று ஒரு சத்தம், ஆக்சிலேட்டரை மிதித்தால் அதன் சுருதியும் கூடவே ஏறுகிறது, எங்கிருந்து வருகிறது என்று எப்படிப் பிடிப்பது என்பதுதான் பாடம். நாய்ஸ், வோல்ட்டேஜ் ஃபிளக்சுவேஷன், கிரவுண்ட் லூப் மூன்றுக்கும் சொல் வேண்டும். இப்போதைக்கு இரைச்சல், மின்னழுத்த ஏற்ற இறக்கம், புவிக்கண்ணி (கிரவுண்ட் புவி, லூப் கண்ணி) என்று போட்டிருக்கிறேன். மூன்றாவது எனக்கே உறுத்துகிறது.

---

> புவிக்கண்ணி

தயவுசெய்து ‘புவி’ வேண்டாம். இந்தப் பாடத்தை வருடக்கணக்காக வகுப்பில் நடத்துகிறேன். ‘புவி இணைப்பைச் சரிபார்’ என்று கரும்பலகையில் எழுதிய அன்று ஒரு மாணவன் வண்டிக்கு அடியில் குனிந்து, மண்ணில் இறங்கும் கம்பி எங்கே என்று தேடினான். தவறு அவனுடையது அல்ல, சொல்லுடையது. கார் நிற்பது ரப்பர் டயரில். பேட்டரியின் மைனஸை வண்டியின் உடம்போடு கட்டியிருக்கிறார்கள், மின்னோட்டம் அந்த இரும்பு வழியாகத் திரும்பி வருகிறது, அவ்வளவுதான்.

கிரவுண்ட் லூப் என்பது இதுதான்: ஸ்டீரியோவின் எர்த், அதாவது வண்டியின் உடம்போடு சேரும் மைனஸ் கம்பி, டேஷ்போர்டுக்குப் பின்னால் ஓரிடத்தில், ஆம்ப்ளிஃபயரின் எர்த் டிக்கியில் வேறோரிடத்தில். இரண்டுக்கும் நடுவே சில மில்லிவோல்ட் வித்தியாசம் இருந்தால் போதும், அதனால் ஒரு மின்னோட்டம் சிக்னல் கேபிளைச் சுற்றியிருக்கும் கம்பியுறை வழியாக ஓடிப் பாட்டோடு கலந்துவிடும். போன மாதம் ஒரு வண்டியில் பேட்டரி மைனஸுக்கும் டிக்கி போல்ட்டுக்கும் இடையே மீட்டர் வைத்தோம். ஆம்ப்ளிஃபயர் ஓடும்போது 0.4 வோல்ட். போல்ட்டைக் கழற்றினால் வாஷருக்கு அடியில் பெயின்ட் அப்படியே பளபளவென்று இருந்தது. உப்புத்தாள் போட்டு வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்து இறுக்கினோம், 0.03க்கு வந்தது, சத்தமும் நின்றது. மாணவனுக்கு வேண்டியது ‘திரும்பும் வழி’ என்ற எண்ணம். அதனால் என் பரிந்துரை மீள்தடம், கிரவுண்ட் லூப்புக்கு மீள்தடக் கண்ணி.

---

மீள்தடம் நல்ல சொல். ஆனால் ‘இரைச்சல்’ பற்றி யாரும் பேசாமல் தாண்டிப் போகிறீர்களே. இரைச்சல் காதுக்குக் கேட்பது. கம்பியில் ஓடும் கலக்கம் ஸ்பீக்கருக்கு வந்தால்தானே ஒலியாகிறது? அதே கலக்கம் வண்டியின் பின்பக்கக் கேமராத் திரையில் கோடாக ஓடும், அங்கே ஏது இரைச்சல்?

உரியியலில் தொல்காப்பியர் ‘கம்பலை சும்மை கலியே அழுங்கல் என்றிவை நான்கும் அரவப் பொருள’ என்கிறார். நான்கு சொற்கள் கையில் இருக்கின்றன. கம்பலைக்கு நடுக்கம் என்ற பொருளும் அகராதியில் உண்டு. ஓசையும் நடுக்கமும் ஒரே சொல்லில்! மின்கம்பலை என்று வைத்தால் ஒலிக்கும் பொருந்தும், திரைக்கும் பொருந்தும். கண்ணிக்கும் அதே இயலில் ‘அலமரல் தெருமரல் ஆயிரண்டும் சுழற்சி’ என்று இருக்கிறது. ‘மீள்தட அலமரல்’ என்று சொல்லிப் பாருங்கள், நாக்கில் எப்படி உருள்கிறது.

---

> மின்கம்பலை

ஐயா, நூற்பாவில் எனக்கும் ஆசைதான். ஆனால் கம்பலையின் ‘நடுக்கம்’ என்ற பொருள் வடமொழிக் ‘கம்ப’வோடு ஒட்டுகிறதே, அதை எப்படிப் பார்க்கிறீர்கள்? அப்புறம், இரைத்தல் மூச்சுக்கும் உண்டு, கடலுக்கும் உண்டு. அறிவியல் தமிழில் இரைச்சல் வேரூன்றிய சொல், அதைப் பிடுங்க வேண்டாம்.

இரண்டு சொல் நான் தருகிறேன். ஆல்டர்னேட்டர் (இன்ஜின் சுழற்றும் மின்னாக்கி) சத்தத்துக்குத் தனிச்சொல் வேண்டும், ஏனென்றால் அதன் சுருதி இன்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கும், மற்ற இரைச்சல்கள் பெரும்பாலும் அப்படி இல்லை. ஆல்டர்னேட்டர் தரும் மூன்று கட்ட மின்னோட்டத்தை டயோடுகள் ஒரே திசைக்குத் திருப்பினாலும் மேலே ஒரு சிற்றலை மிஞ்சும், ஒரு டயோடு போய்விட்டால் அந்த அலை பெரிதாகும். அதன் ஒலிக்குக் குழந்தை அழுவதற்கு முன் போடும் சிணுங்கல்தான் சரி. மின்னழுத்த ஏற்ற இறக்கம் நீளம், அதற்குத் தளும்பல். இன்ஜின் அணைந்திருக்கையில் 12.6 வோல்ட் அளவு, ஓடுகையில் 13.8 முதல் 14.4 வரை, ஸ்டார்ட் செய்யும் கணத்தில் 10க்குக் கீழேகூடப் போகும். நிறைகுடம் தளும்பாது என்பது பேட்டரிக்கு எவ்வளவு பொருத்தம் பாருங்கள்: நல்ல பேட்டரி சிற்றலையைத் தானே வாங்கிக்கொள்ளும், பழசானதுதான் தளும்பவிடும்.

---

சிணுங்கல், தளும்பல் இரண்டுக்கும் என் ஓட்டு. கண்ணிக்கும்தான். பூவைத் தொடுத்தால் கண்ணி, பறவையைப் பிடிப்பதும் கண்ணி, கண் போன்ற துளை என்ற எண்ணத்திலிருந்துதான் வலைக்கண், கணு எல்லாம் கிளைத்தன என்று நினைக்கிறேன்...

---

மன்னிக்க வேண்டும், கண்ணியை அப்புறம் பார்ப்போம். மீள்தடம் எனக்கு ஒப்பவில்லை. பட்டறையில் யாரைக் கேட்டாலும் ‘பாடி எர்த்’ என்பார்கள். ‘பாடி எர்த் சரியில்லை’ என்றால் என்ன பழுது, எங்கே கை வைக்கவேண்டும், எல்லாம் அந்த நொடியே தெரிந்துவிடும். கையேடு அவர்கள் கைக்குத்தானே போகிறது? நாம் பத்துப் பேர் மெச்சும் சொல்லைப் படித்துவிட்டு அவர் பக்கத்திலிருப்பவரிடம் ‘இது என்னப்பா’ என்று கேட்டால், சொல் அமைத்து என்ன பயன்?

---

> சொல் அமைத்து என்ன பயன்?

மாணவன் பட்டறையில் மட்டும் நின்றுவிடக் கூடாது என்பதுதான் பயன். ‘எர்த்’ என்பதும் புவிதானே? நான் சொன்ன அதே குழப்பம் அதிலும் இருக்கிறது, பழகியதால் தெரியவில்லை. ‘மீள்தடம்’ என்று படித்தவன் போல்ட்டைப் பார்த்ததும், ‘கரன்ட் இதன் வழியாகத் திரும்பவேண்டும், திரும்புகிறதா?’ என்று கேட்பான். எனக்கு அந்தக் கேள்விதான் வேண்டும்.

---

அனைவருக்கும் நன்றி. நேரம் இல்லை, முடிவெடுத்துவிட்டேன். இரைச்சல், சிணுங்கல், தளும்பல், மீள்தடக் கண்ணி. ஒவ்வொரு பாடத்திலும் மீள்தடம் முதலில் வரும் இடத்தில் ‘பட்டறை வழக்கில் பாடி எர்த்’ என்று ஒரு வரி சேர்க்கிறேன். கம்பலை இந்தப் பதிப்பில் இல்லை, ஐயா பொறுத்தருள வேண்டும்.

---

பொறுத்துக்கொள்கிறேன். ஆனால் கேமராத் திரையில் கோடு விழும் பகுதி எந்தப் பாடத்தில் வருகிறது? அங்கேயும் ‘திரையில் இரைச்சல்’ என்றுதான் எழுதப்போகிறீர்களா? வியாழன் மாலைவரை நேரம் இருக்கிறதே.