புதுப்பிப்பு: நாஹாவில் ஏழு மணி நேரம், ஷூரி கோட்டை பார்த்தாயிற்று

சுற்றுலாக் கப்பல் ஜப்பானின் ஒகினாவா தீவிலுள்ள நாஹா நகரில் ஏழு மணி நேரம்தான் நிற்கும், அம்மாவுடன் சொந்தமாக அங்குள்ள பழைய அரச கோட்டையான ஷூரி கோட்டை போய் வர முடியுமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. போய் வந்தோம்.

'டாக்ஸி வேண்டாம், மோனோரயில் போதும்' என்ற யோசனைதான் கைகொடுத்தது. இறங்கும்போது கைரேகை, பாஸ்போர்ட் வரிசையிலேயே முக்கால் மணி நேரம் போய்விட்டது. அதைக் கணக்கில் வையுங்கள். கப்பல் நிற்கும் வகாசா முனையத்திலிருந்து கென்சோமாயே மோனோரயில் நிலையத்துக்கு அரை மணி நடை. அங்கே நாள் சீட்டு வாங்கினோம். வாங்கிய நேரத்திலிருந்து 24 மணி நேரம் செல்லும். அதிலுள்ள க்யூஆர் கட்டத்தைக் கதவில் காட்டினால் போதும்.

எதிர்பாராதது, ஷூரி நிலையத்திலிருந்தும் கால் மணி நடை, அப்புறம் படிகள். லேசான தூறலில் சுண்ணாம்புக்கல் படி வழுக்கியது. அம்மா என் தோளை விடவே இல்லை. ரப்பர் அடி செருப்பு அவசியம். 2019 அக்டோபர் 31 தீயில் எரிந்த முதன்மை மண்டபத்தில் வேலை நடந்துகொண்டிருந்ததால் உள்ளே போக முடியவில்லை. ஆனால் வளைந்து வளைந்து போகும் கோட்டை மதிலும் ஷுரேய் என்ற நுழைவாசலும் கண்ணிலேயே நிற்கின்றன.

திரும்பும் வழியில் கடலோரப் பாறைமேல் இருக்கும் நாமினோவே கோயிலையும் பார்த்தோம். முனையத்துக்குப் பக்கம்தான். புறப்பாட்டுக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே கப்பலில் இருந்தோம்.